கட்டணம் ஒன்று, கட்டுவது வேறு

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் பல கல்லூரிகளைப் பட்டியல் போட்டு விண்ணப்பிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவலாக வேரூன்றியது. அதற்கு முன் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டியலே தேவைப்பட்டதில்லை. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் சம்பளம் வாங்காத கல்லூரி இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் வேலை. நியூயார்க்கில் 1847இல் ஃப்ரீ அகாடமி என்ற பெயரில் தொடங்கி சிட்டி காலேஜாக வளர்ந்த கல்லூரி, குடியேறிக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக இலவசமாகப் படிக்கவைத்தது. மாநகரம் திவாலின் விளிம்புக்குப் போன 1976இல்தான் அங்கே கட்டணம் வந்தது. கென்டக்கியின் பெரியா கல்லூரி 1892 முதல் இன்றுவரை கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரி வேலை பார்க்க வேண்டும். அங்கே மாணவர்கள் கட்டும் துடைப்பங்கள் விலைக்குப் போகின்றன. 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தால் நிலம் பெற்று எழுந்த மாநிலக் கல்லூரிகளிலும் கட்டணம் சொற்பம்.

தனியார் கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே ஏழைக்கு உதவுவது தருமமாக இருந்தது, உரிமையாக இல்லை. ஹார்வர்டுக்கு முதல் உதவித்தொகை நிதி 1643இலேயே வந்துவிட்டது. லண்டனைச் சேர்ந்த ஆன் மௌல்சன் 100 பவுண்டு கொடுத்தார். ஆனால் அந்த மாதிரிப் பணம் யாருக்கு, எவ்வளவு என்பது நிர்வாகத்தின் மனம்போல் நடந்தது. 1934இல் ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் தொடங்கிய தேசிய உதவித்தொகைதான் குடும்பத்தின் வசதியைப் பார்த்துத் தொகையைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு ஒரு முன்னோடி. அதிலும் பயன்பெற்றவர்கள் ஆண்டுக்குச் சிலரே.

முதல் பெரிய உடைப்பு 1944 ஜூன் 22 அன்று கையெழுத்தான போர்வீரர் நலச் சட்டத்தால் நேர்ந்தது. போரிலிருந்து திரும்பியவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசு கட்டியது. அப்போது ஹார்வர்டின் கட்டணமே 400 டாலர்தான். ஆகவே விவசாயக் கூலியின் மகனாக இருந்தாலும் ஊர்க் கல்லூரிக்கும் ஹார்வர்டுக்கும் அவர் கையிலிருந்து போகும் பணத்தில் வித்தியாசம் இல்லை. சுமார் 22 லட்சம் பேர் இந்தச் சட்டத்தால் கல்லூரிக்குப் போனார்கள். ஏட்டில் எல்லோருக்கும் பொதுவான இந்த உரிமை, தென்மாநிலங்களின் நிறப் பாகுபாட்டால் கறுப்பின வீரர்கள் பலருக்கு எட்டாமலேயே போனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வசதியில்லாதவர்கள் காசைப் பாராமல் விரும்பிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்க முடிந்த அபூர்வமான காலம் இது.

பத்தே ஆண்டில் கதை மாறியது. நல்ல மாணவர்களை இழுக்க உதவித்தொகையை ஏலம் விடுவதுபோல் கல்லூரிகள் போட்டியிட்டன. அதற்குக் கடிவாளம் போட 1954இல், நுழைவுத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு ஒரு பொது உதவித்தொகைச் சேவையை நிறுவியது. அதன் அடிப்படைக் கணக்கைப் போட்டவர் ஹார்வர்டு நிதியுதவி அதிகாரி ஜான் மன்றோ. குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் எடுத்துக்கொண்டு, அவசியச் செலவைக் கழித்து, மீதியில் எவ்வளவு கல்லூரிக்குத் தர முடியும் என்று தீர்மானிப்பது அந்தக் கணக்கு. கல்லூரியின் மொத்தச் செலவுக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள இடைவெளிதான் ‘தேவை’. மன்றோ பின்னாளில் ஹார்வர்டின் டீன் ஆனார். 1967இல் அந்தப் பதவியைத் துறந்து, அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் மைல்ஸ் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். கணக்குப் போட்டவருக்கு அந்தக் கணக்கு எட்டாத இடங்கள் தெரிந்திருக்கின்றன.

நியாயமான இந்த ஏற்பாடுதான் ஒரு சிக்கலுக்கும் விதையானது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவர் வேறு வேறு தொகை கட்டினார்கள். கையேட்டில் அச்சாகும் கட்டணம் ஒன்று, குடும்பம் கட்டுவது வேறு. கட்ட வேண்டியது எவ்வளவு என்பது விண்ணப்பித்து, இடம் கிடைத்து, வசந்த காலத்தில் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். இந்த வித்தியாசம் படித்த, வசதியான வீடுகளுக்குத் தெரிந்திருந்தது. யாரை மனதில் வைத்து ஏற்பாடு செய்யப்பட்டதோ, அவர்கள் அச்சிட்ட தொகையைப் பார்த்துவிட்டுக் கையேட்டை மூடிவைத்தார்கள்.

1958 முதல் ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேர்க்கை கிடைத்த மாணவரின் குடும்பம் எவ்வளவு தர வேண்டும் என்று ஒத்துப் பேசி முடிவுசெய்தன. பிற்காலத்தில் இந்தக் கூட்டணியில் 23 கல்லூரிகள் இருந்தன. ‘ஓவர்லாப்’ என்று பெயர். இதை விலைக் கூட்டுச்சதி என்று கூட்டாட்சி அரசின் நீதித்துறை 1991இல் வழக்குத் தொடுத்தது. ஐவி கல்லூரிகள் உடனே பணிந்தன. எம்.ஐ.டி. மட்டும் எதிர்த்து வாதாடி, 1993இல் சமரசத்துக்கு வந்தது. பட்டியல் போடுகிறவருக்கு இதனால் ஏற்பட்ட மாற்றம் பெரிது. கூட்டணி இருந்தவரை எந்தக் கல்லூரி என்றாலும் குடும்பத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்றே. அது உடைந்தபின் ஒரே குடும்பத்துக்கு ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு தொகை சொல்லத் தொடங்கியது. நாலு இடத்தில் கேட்டுப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாமல் போயிற்று.

அரசு உதவியின் கதை தனி. 1965 நவம்பரில் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தேர்ந்தெடுத்த இடம், டெக்சாஸின் சான் மார்கோஸ் ஊரில் அவர் துப்புரவுப் பணி செய்து படித்த கல்லூரி. 1972இல் ஏழை மாணவர் கையிலேயே உதவித்தொகையைத் தரும் திட்டம் வந்தது. 1980இல் அதற்கு ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயர் வைத்தார்கள். திட்டத்தின் முதல் ஆண்டு உச்சத் தொகை 452 டாலர். 1970களின் நடுவில் நான்காண்டு மாநிலக் கல்லூரியில் கட்டணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்ந்த செலவில் முக்கால் பங்கை பெல் உதவியின் உச்சத் தொகை தாங்கியது. 2024இல் அது 7,395 டாலர்; செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. இடைவெளியைக் கடன் நிரப்பியது. இடம் கொடுத்துவிட்டு, கட்ட முடியாத அளவுக்குப் பணத்தைக் குறைத்துக் கொடுக்கும் கல்லூரிகளும் பெருகின. கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிடுவது போன்ற இந்த வழக்கத்துக்கு சேர்க்கை அலுவலகங்களில் ‘அட்மிட்-டினை’ என்றே பெயர் இருந்தது.

இதற்கிடையே விண்ணப்பிப்பது எளிதாகியிருந்தது. 1975இல் 15 கல்லூரிகள் சேர்ந்து உருவாக்கிய பொது விண்ணப்பம் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குச் செல்லும். ஆனாலும் சில்லறைக் காசு எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுபவர் முன்பு மதிப்பெண்ணை மூன்று கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்ப முடிந்தது; நான்காவதற்கு 6 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 1997இல் நான்காவதையும் இலவசமாக்கினார்கள். பொருளாதார ஆய்வாளர் அமாண்டா பலேய்ஸ் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மாணவர்கள் மூன்றோடு நிற்காமல் நான்கு இடங்களுக்கு அனுப்பத் தொடங்கியதும், குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகள் முன்பைவிடத் தரமான கல்லூரிகளில் சேர்ந்ததும் தெரிந்தது. 6 டாலரைவிட, மூன்று கட்டங்கள் இருந்தால் மூன்று போதும் என்று தோன்றிவிடுவதுதான் காரணமாக இருந்திருக்கலாம். கேட்டுச் சொல்ல வீட்டில் ஆளில்லாதபோது படிவம் சொல்வதே புத்திமதி. பள்ளியில் கேட்கலாம் என்றால், 2010களில் ஓர் ஆலோசகருக்கு சராசரியாக 400க்கும் மேற்பட்ட மாணவர்கள்.

2001இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் நிதியுதவியிலிருந்து கடனை நீக்கி முழுவதையும் மானியமாக்கியது. 2004இல் ஹார்வர்டு, ஆண்டு வருமானம் 40,000 டாலருக்குக் குறைவான பெற்றோரிடம் எதுவும் வாங்குவதில்லை என்று அறிவித்தது. மிக விலையுயர்ந்ததாகத் தெரிந்த இடங்களே ஏழைக்கு மிக மலிவான இடங்கள் என்ற தலைகீழ் நிலை வந்தது. ஆனால் கேரொலைன் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக நல்ல மதிப்பெண் வாங்கிய குறைந்த வருமான மாணவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ஒரு கல்லூரிக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் அத்தகைய மாணவர்களுக்குத் தலைக்கு 6 டாலர் செலவில் தகவல் கட்டு அனுப்பி நல்ல பலன் கண்டார்கள். அதேபோன்ற முயற்சியை காலேஜ் போர்டு பெரிய அளவில் செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் செய்தது இன்னும் துலக்கமானது. பல்கலைக்கழகத்தின் மஞ்சளும் நீலமும் பூசிய பெரிய உறை, மாநிலத்தின் ஏழை மாணவர்களில் நன்றாகப் படிப்பவர்களின் வீட்டுக்கு இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே போனது. இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கட்டணம் இல்லை, அதற்காகத் தனிப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம் என்று உள்ளே எழுதியிருந்தது. பெற்றோருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தனித்தனிக் கடிதம். அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு எப்படியும் கிடைத்திருக்கக்கூடிய உதவிதான் அது. புதிதாகச் சேர்ந்தது முன்கூட்டிய வாக்குறுதி மட்டுமே. உறை போகாத மாணவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். போனவர்களில் 68 சதவீதம் பேர். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள்.

சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. 2011 அக்டோபர் முதல் ஏறக்குறைய ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் செலவுக் கணிப்பானை வைத்தாக வேண்டும். வருமான விவரத்தைக் கொடுத்தால், உதவி போக உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று அது சொல்லும். பட்டியல் போடும் வரிசையே இதனால் மாறியது. முன்பு விரும்பிய பெயர்களை எழுதிவிட்டுப் பணத்துக்கு அலைந்தார்கள். இப்போது ஆலோசகர்கள் பெற்றோரின் வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணிப்பானைத் தட்டிப் பார்த்த பிறகே பெயரை எழுதச் சொல்கிறார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்த ‘சேஃப்டி’ என்ற பழைய வகைக்குப் பக்கத்தில், இடமும் உறுதி, கட்டவும் முடியும் என்ற ‘ஃபைனான்ஷியல் சேஃப்டி’ வந்தது. பெரும்பாலும் அது வீட்டிலிருந்து போய்வரக்கூடிய மாநிலக் கல்லூரி அல்லது சமுதாயக் கல்லூரி. விண்ணப்பக் கட்டண விலக்கு உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். நவம்பரிலேயே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற முன்முடிவு முறை, நாலு கடிதங்களை ஒப்பிடும் வாய்ப்பைப் பறித்துவிடுவதால் ஏழை மாணவர்களுக்கு நீண்ட காலமாகச் சந்தேகத்துக்குரியது. கடிதங்களை ஒப்பிடுவதும் லேசு அல்ல. கடனையும் ‘உதவி’ என்ற தலைப்பிலேயே சேர்த்துக் காட்டும் கடிதங்கள் ஏராளம். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022இல் சோதித்தபோது, சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா என்ற கூட்டாட்சிப் படிவம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் பிறந்த இந்த இலவசப் படிவம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளாக வீங்கியிருந்தது. அதைச் சுருக்க 2020இல் சட்டம் வந்தது. புதிய படிவம் வழக்கமான அக்டோபரில் வராமல் 2023 டிசம்பர் கடைசியில் கோளாறுகளோடு திறந்தது. கல்லூரிகளுக்கு விவரம் போய்ச் சேர மார்ச் ஆயிற்று. நிதியுதவிக் கடிதங்கள் தாமதமானதால் பல கல்லூரிகள், சேர்வதை மாணவர் உறுதிசெய்ய வேண்டிய மே 1 என்ற கெடுவைத் தள்ளிப்போட்டன. அடுத்த படிவம் எல்லோருக்குமாகத் திறந்தது 2024 நவம்பர் பிற்பாதியில். பல கல்லூரிகளின் முன்முடிவு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான நவம்பர் 1 அதற்குள் கடந்திருந்தது.