பதினேழு வயது

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். பிரியாணி சாப்பிடத்தான் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் இலை போடுவதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்தில் என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். நண்பர், ஊர்ப் பையன்கள் சேர்ந்து நடத்தும் கால்பந்துக் கோஷ்டிக்குப் பெரியவர் மாதிரி. அந்தக் கோஷ்டிக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். வலது ஓரத்தில் ஓடுகிறவன். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாயின் ஒரே மகன். வயது பதினேழு.

"மாமு, வர்ற ஞாயித்துக்கிழமையே அவனை எறக்கிடுங்க. குதிரை மாதிரி ஓடறான்" என்றான் நண்பருடைய தங்கை மகன்.

"ஓடறான், நான் இல்லேங்கலியே! முப்பது வயசு ஆளுங்க ரெண்டு பேர் நடுவிலே போட்டு அவன் காலை ஒடிச்சா, அவங்க அம்மா யாரைக் கேப்பாங்க? உன்னையா, என்னையா?" என்றார் நண்பர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சரித்திரமெல்லாம் படிக்கிறவர். சொல்லுங்க சார்" என்றார்.

நான் மாடியிலிருந்து மலையைப் பார்த்தேன். ஆம்பூர்க்காரர்களுக்கு அது தினம் பார்க்கிற மலை, பெரிதாகத் தோன்றாது. எனக்கோ, அந்த மலைக்கோட்டையைப் பார்த்ததும் இன்னொரு பதினேழு வயதுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

1767-ஆம் ஆண்டு. மைசூர் ஹைதர் அலிக்கும் கும்பினியாருக்கும் முதல் யுத்தம். ஹைதர் தம் மகனிடம் ஒரு குதிரைப் படையை ஒப்படைத்துச் சென்னைப் பக்கம் அனுப்பினார். மகன் பெயர் திப்பு. வயது பதினாறோ பதினேழோதான். பையன் சென்னையின் எல்லைவரை, பரங்கிமலைவரை பாய்ந்து வந்துவிட்டான். தோட்ட பங்களாக்களில் சுகமாக இருந்த கும்பினி துரைமார்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் திருவண்ணாமலையில் தகப்பனாருக்குத் தோல்வி என்ற செய்தி வரவே, குதிரைகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அந்த நவம்பரில் ஹைதர் திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் பிடித்துக்கொண்டு இந்த ஆம்பூருக்கு வந்தார். ஊர் கீழே விழுந்தது. மேலே மலைக்கோட்டை விழவில்லை. கால்வெர்ட் என்ற காப்டன் ஒரு சின்னப் படையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய நான்கு வாரம் தாக்குப்பிடித்தான். டிசம்பரில் கர்னல் ஸ்மித் உதவிக்கு வந்ததும் முற்றுகை கலைந்தது.

"பார்த்தீங்களா மாமு! பதினேழு வயசிலே மெட்ராஸையே நடுங்க வச்சிருக்கான்!" என்று குதித்தான் மருமகன்.

"அவசரப்படாதே தம்பி. அந்தப் பையன் தனியாக வரவில்லை. காஸிகான் என்ற பழுத்த குதிரைப் படைத் தலைவர் பக்கத்திலேயே இருந்தார். திப்புவுக்குப் போர்த்தொழில் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஹைதர் மகனிடம் கொடுத்த வேலையையும் கவனி. பாய்ந்து போய்ப் பாய்ந்து திரும்புகிற வேலை. இளம் ரத்தத்துக்கு ஏற்ற வேலை" என்றேன்.

நண்பர் முகத்தில் வெற்றிக்களை படர்ந்தது. அவரையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. இதே ஆம்பூர் அருகே, அதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன், 1749 ஆகஸ்டு 3-ஆம் தேதி நடந்த சண்டையை அவருக்கு நினைவூட்டினேன். ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானைமேல் அமர்ந்து படை நடத்தினார். அவருக்கு வயது எழுபத்தேழு என்பார் உண்டு. நூற்றேழு என்று எழுதியவரும் உண்டு. எதிரே சந்தா சாகிப்பும் முஸபர் ஜங்கும். அவர்களுக்குத் துணை பிரெஞ்சுக்காரர்களின் புதுமாதிரித் துப்பாக்கிப் படை. ஒரு குண்டு பாய்ந்து நவாப் யானைமேலேயே உயிர்விட்டார். தோற்றது அவர் வயதல்ல, பழைய போர்முறை. ஆனாலும் அனுபவம் ஒன்றே கவசமாகிவிடாது என்பதற்கு ஆம்பூர் மண்ணே சாட்சி.

யுத்தத்தை விட்டுவிட்டு ஆட்டத்துக்கே வருவோம். நம் சென்னைப் பையன் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1965 டிசம்பர் 31-இல் பிறந்தவர். தமிழ்நாட்டுக்காக முதன்முதலில் ரஞ்சிப் பந்தயத்தில் இறங்கியபோது, டில்லி அணியின் ஏழு பேரை 28 ஓட்டத்துக்குச் சுருட்டினார். 1983 ஏப்ரலில், பதினேழு வயது 118 நாளில், மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அதுவரை அவ்வளவு சிறு வயதில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர் கிடையாது.

1984-இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட். இன்னிங்ஸுக்கு ஆறு. அடுத்து டில்லியில் முதல் இன்னிங்ஸில் மறுபடியும் ஆறு. 1985 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில், மியாந்தாத் போன்ற மகா சூரரையே கோட்டுக்கு வெளியே இழுத்து ஏமாற்றினார். தேசமே தலையில் வைத்துக் கூத்தாடியது.

அப்புறம்? 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். அப்போது இருபது வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன! மொத்தம் ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். அவற்றில் பதினெட்டு, பம்பாயிலும் டில்லியிலும் தொடர்ந்து வந்த அந்த மூன்று இன்னிங்ஸிலேயே கிடைத்தவை. மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடங்குகிற வயதில் அவர் கதை முடிந்துவிட்டது.

அதே சிட்னி மைதானத்தில் சரியாக ஆறு வருஷம் கழித்து, அதே மாதிரி மணிக்கட்டைச் சுழற்றிப் பந்து போடும் ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். வயது இருபத்திரண்டு. 150 ஓட்டம் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்! ஷேன் வார்னே என்று பெயர். அந்த அடிக்குப் பிறகும் அவருக்கு மறுபடி மறுபடி சந்தர்ப்பம் கிடைத்தது. டெர்ரி ஜென்னர் என்ற பழைய ஆட்டக்காரர் குருவாக நின்றார். முடிவில் 708 டெஸ்ட் விக்கெட்.

அப்படியானால் நண்பர் சொல்வதுதான் சரி, இருபது தாண்டித்தான் இறக்க வேண்டுமோ? அதுவும் இல்லை. சச்சின் டெண்டுல்கர் 1989 நவம்பரில் கராச்சியில் இறங்கியபோது வயது பதினாறு. முதல் ஆட்டத்தில் எடுத்தது 15. ஸியால்கோட்டில் மூக்கில் பந்து பட்டு ரத்தம் கொட்டியது. நின்று ஆடி 57 எடுத்தார். முதல் சதம் 1990 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவரை யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

பிரேஸில் தேசத்துப் பெலே 1958-இல் உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் போனபோது அவருக்கும் பதினேழுதான். கோஷ்டியின் மனோதத்துவ நிபுணர், "இவன் இன்னும் குழந்தை, வேண்டாம்" என்ற ரீதியில் அபிப்பிராயம் கொடுத்தார். முழங்காலிலும் அடி. முதல் இரண்டு ஆட்டம் உட்கார வைத்து, மூன்றாவதில் இறக்கினார்கள். சுற்றிலும் டிடி, முப்பத்து மூன்று வயது நில்டன் சாண்டோஸ் போன்ற மூத்தவர்கள். அந்தக் குழந்தை ஆறு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எங்க தாத்தா காலத்துத் தொழில் மாதிரிதான் இருக்கு" என்றார்.

ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட நாளைப் பற்றிச் சொன்னார். பச்சைத் தோலை நாள் கடத்தி வைத்தால் அழுகிப் போகும். உடனே வேலைக்கு எடுத்துவிட வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் காரமான புதுப் பட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. போட்டால் மேல்தோல் மட்டும் இறுகிக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். பார்வைக்கு நல்ல தோல், மடித்தால் வெடிக்கும். அதனால் முதலில் ஏற்கெனவே உபயோகித்த பழைய தண்ணீர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காரம் கூடிய தண்ணீர்.

நான் இத்தனை சரித்திரத்தைப் புரட்டிச் சொல்ல முயன்றதை, அந்த மனிதர் ஒரு குழித் தண்ணீரில் சொல்லிவிட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றான் மருமகன், விடாமல்.

"கடைசி இருபது நிமிஷம் எறக்கு. பக்கத்திலே நீ நில்லு. அவன் கோல் போட்டா தோள்மேலே தூக்கிட்டு ஊர்வலம் விடாதே. பந்தை விட்டுட்டான்னா திட்டாதே. அடுத்த வாரமும் இருபது நிமிஷம்" என்றார் நண்பர். கொஞ்சம் யோசித்து, "அவங்க அம்மாகிட்டே நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திப்புவுக்கு ஒரு காஸிகான் வாய்த்ததுபோல் அந்தப் பையனுக்கும் ஒருவர் வாய்த்துவிட்டார் என்ற சந்தோஷத்தில், இன்னொரு அரைமணி நேரம் பசியோடு இருப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.