நான்கு மணி நேர பாட்டிலும் இரண்டு நிமிட ஊசியும்



சென்ற வாரம் களம்பூர் கடைத்தெருவில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஒடிசாவுக்கு வேலைக்குப் போன இடத்தில் மலேரியா மூளையைத் தாக்கி, பிழைத்து வந்திருக்கிறான். "மருந்தை பாட்டில்லகூட ஏத்தல சார், வெறும் ஊசிதான் போட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டான். அந்த ஊசியின் சரித்திரத்தை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மலேரியாவுக்கு நெடுங்காலம் கொயினாதான் மருந்து. அது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. 1860களில் வெள்ளைக்காரர்கள் தென் அமெரிக்காவிலிருந்து அந்த மரத்தைக் கொண்டுவந்து, நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள்.

நோய் முற்றி நினைவு தப்பியவருக்கு மாத்திரை கொடுக்க முடியாது. கொயினாவை பாட்டிலில் கலந்து, ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் வீதம், எட்டு மணிக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். வேகமாக இறங்கினால் ரத்த அழுத்தம் விழும், இதயம் தடுமாறும். ரத்தத்தில் சர்க்கரையும் திடீரென்று குறையலாம்.

எண்பதுகளில் என் மைத்துனர் அரிசி லாரியில் வடக்கே போய், இந்தக் காய்ச்சலோடு திரும்பினார். வார்டு முழுவதற்கும் இரவில் ஒரே நர்ஸ். சொட்டுகளை எண்ணிக்கொண்டு விடியவிடிய நான் உட்கார்ந்திருந்தேன். கண் அசந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தை இன்றும் மறக்கவில்லை. அவர் பிழைத்தார், காதில் இரைச்சல் மட்டும் சில நாள் இருந்தது. அதுவும் கொயினாவின் வேலைதான்.

மாற்று மருந்து சீனாவிலிருந்து வந்தது. து யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல்களைப் புரட்டி, 1972இல் ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். நம் பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்துக்கு அந்த மூலிகை பங்காளி முறை! (மரிக்கொழுந்தை யாரும் கஷாயம் போட்டுவிடாதீர்கள்.)

அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிசுனேட் ஊசி. ரத்தக் குழாயில் போட ஓரிரு நிமிடம் போதும், சதையிலும் போடலாம். முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, பிறகு தினம் ஒன்று. நோயாளி தேறியதும் மாத்திரை.

இரண்டையும் ஒப்பிட்டு இந்தியா, வங்கதேசம், பர்மா, இந்தோனேசியாவில் 1461 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. ஒடிசாவின் ரூர்கேலா நோயாளிகளும் அதில் உண்டு. 2005இல் முடிவு வெளிவந்தது. கொயினா ஏற்றியவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள். ஊசி போட்டவர்களில் 15 பேர். ஆப்பிரிக்காவில் 5425 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் ஊசியே வென்றது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் பெரியவர்களுக்கும், 2011இல் குழந்தைகளுக்கும் இந்த ஊசியைப் பரிந்துரைத்தது.

காரணம் என்ன? கொயினா வளர்ந்த கிருமிகளைத்தான் தாக்கும். ஆர்ட்டிசுனேட், அவை மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைப்பதற்கு முன்பே, இளம் பருவத்திலேயே கொன்றுவிடும். அதோடு, ஸ்டாண்டு வேண்டாம், சொட்டு எண்ண ஆள் வேண்டாம். மலைக்கிராமத்து நர்ஸ்கூட முதல் ஊசியைப் போட்டுவிட்டு, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

"பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம்" என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை விடுங்கள். வெளியூர் போய் வந்து காய்ச்சல் என்றால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாட்டிலா ஊசியா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

உங்களில் நர்ஸாக இருப்பவர்கள், நான் விட்டதைக் கீழே எழுதுங்கள். வாத்தியாரைத் திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.