டயருக்குள் இருக்கும் நூல்

திருப்பூர் என்றவுடன் பனியனும் பருத்தி நூலும் நினைவுக்கு வருதல் இயல்பு. 1925ஆம் ஆண்டளவில் இவ்வூரில் கால்கொண்ட பின்னலாடைத் தொழில் இன்று உலகச் சந்தையை எட்டியிருக்கிறது. ஆனால், அந்த ஆடைகளை ஏற்றிச் செல்லும் லாரியின் டயருக்குள்ளும் நூல் இருக்கிறது என்பதை மாணவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் அன்று. நூலாலான உடலுக்கு ரப்பரால் போர்த்திய தோல் அது. இதை அறிந்துகொண்டால், பழைய டயருக்கு மாற்று டயரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதும் தெளிவாகும். அதற்கு அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

காங்கேயம் காளைகள் பூட்டிய பழைய பாரவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குடம், ஆரக்கால், வட்டை ஆகியவை மரத்தால் ஆனவை. வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை. கொல்லர் அப்பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். உறுதியில் அதற்குக் குறைவில்லை. ஆயினும், பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கிப் போடும். அந்த அதிர்ச்சி காளைகளின் கழுத்தையே சென்று தாக்கும். உறுதியும் வேண்டும், நெகிழ்ச்சியும் வேண்டும் என்பதே சக்கரம் செய்தோர் முன் நின்ற வினா.

நெகிழ்ச்சிக்கு ரப்பர் கிடைத்தது. ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, அதன்மேல் தோலைப் போர்த்திச் சக்கரத்தில் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அருமையான கருத்துதான், ஆனால் காலம் அதற்குக் கனியவில்லை. உலகம் அதை மறந்தது. நாற்பதாண்டுகளுக்குப் பின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். பெல்ஃபாஸ்ட் அந்நாளில் லினன் துணிக்குப் பெயர்பெற்ற நகரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்று டயர் மறுபிறவி எடுத்தது ஒரு நெசவு நகரத்தில்தான்.

அங்கே துணிக்கு என்ன வேலை? வண்டியின் சுமையைத் தாங்குவது டயருக்குள் அழுத்தி அடைத்த காற்று. அக்காற்றைச் சிறைப்படுத்தி, டயர் ஊதிப் பெருகாமல் கட்டிக் காப்பது நூல். ரப்பர் காற்று கசியாமல் காக்கும், தரையைப் பற்றும், நூலுக்குக் கவசமாகவும் இருக்கும். பனியன் துணியை இழுத்தால் நீளும். அது பின்னலின் இயல்பு. டயருக்கு நீளாத துணி வேண்டும். ஆதலால் தொடக்கத்தில் நெசவு செய்த கித்தான் துணியை வைத்தனர். அதிலும் ஒரு குறை இருந்தது. கித்தானில் பாவும் ஊடும் ஒன்றையொன்று தாண்டிச் செல்கின்றன. சக்கரம் சுழலும்போதெல்லாம் டயர் அமுங்கி நிமிர்வதால் அவ்விழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, சூடேறி, அறுந்தன. 1890களில் ஜான் பாமர் என்பவர் ஊடிழையை ஏறக்குறைய விலக்கி, முறுக்கேறிய பாவிழைகளை மட்டும் ரப்பரில் பதித்து, ஓரடுக்கு ஒருபுறமும் மற்றோரடுக்கு மறுபுறமும் சாயுமாறு அமைத்தார். அடுக்குகளுக்கு இடையே ரப்பர் இருந்தமையால் உராய்வு குறைந்தது.

நீண்ட காலம் அவ்விழை பருத்தியாகவே இருந்தது. லாரிகளின் பாரமும் வேகமும் பெருகப் பெருக, டயரின் சூடும் பெருகியது. சூட்டில் பருத்தி வலிமை குன்றும். எனவே 1930களில் ரேயானும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நைலானும் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. எஃகுக் கம்பியும் வந்தது. 1946இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. பருத்தி தாழ்ந்தது என்று இதற்குப் பொருளன்று. வியர்வையை உறிஞ்சும் பனியனுக்கு அதுவே ஏற்றது; கொதிக்கும் டயருக்கு ஏற்றதன்று. வேலைக்கேற்ற இழை என்பதே இங்குப் பாடம்.

இந்தியாவில் டன்லப் நிறுவனம் 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் ஆலை அமைத்தது. சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேற்பட்டையாக ஒட்டும் ரப்பரைச் செய்தார். 1960களின் தொடக்கத்தில் டயரே செய்யலானார். அதுவே எம்.ஆர்.எஃப். நிறுவனம். மேற்பட்டை ஒட்டும் தொழில் எதனால் இயன்றது? முதலில் தேய்வது தோல். நூலுடல் நலமாயிருந்தால் புதுத் தோல் போர்த்தலாம். நூலுடல் நைந்திருந்தால் எத்தகைய புதுத் தோலும் பயன் தராது.

மோட்டார் வண்டிக்கு உதவாத பழைய டயர் நம் மாட்டுவண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. ‘டயர் வண்டி’யில் காளைகள் கூடுதல் பாரத்தை எளிதாக இழுத்தன. காளையின் நடைவேகத்தில் அந்த டயர் சூடேறுவதில்லை. அதே டயரை வேகமாக ஓடும் காரில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. டயர் ஒன்றே, வேலை வேறு.

இந்நாளில் சமையலறையும் படுக்கையும் கொண்ட வீட்டு வண்டிகள் நம் நாட்டிலும் வருகின்றன. கேரள அரசு 2021இல் இத்தகைய சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இவ்வண்டிகள் டயரை ஏமாற்றத்துக்குரிய பொருளாக்குகின்றன. தண்ணீர்த் தொட்டியும் கட்டிலும் சேர்ந்த பாரம் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். வண்டியோ பல வாரங்கள் ஓடாமல் நிற்கும். பட்டை தேயாது, பார்வைக்குப் புதிது போலிருக்கும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் முதுமையடையும். பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும்.

எனவே மாற்று டயர் வாங்குவோர் பட்டையின் ஆழத்தை மட்டும் பார்த்தல் போதாது. பக்கச் சுவரில் உள்ள எழுத்தையும் வாசிக்க வேண்டும். அளவை அடுத்து வரும் எண் சுமையைக் குறிக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோவும், 121 என்றால் 1450 கிலோவும் தாங்கும், உரிய காற்றழுத்தம் இருந்தால். 2000ஆம் ஆண்டு முதல் பொறிக்கப்படும் நான்கு இலக்கங்கள் டயரின் பிறந்த நாளைச் சொல்லும். 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15ஆம் வாரம். பொருள்களையெல்லாம் ஏற்றிய பின் வண்டியை எடை மேடையில் நிறுத்திப் பார்த்து, அந்தப் பாரத்தைத் தாங்கும் டயரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். மலிவு என்பதற்காகக் குறைந்த சுமை எண்ணை ஏற்றல் ஆகாது.

மாணவர்களே, கண்ணுக்குத் தெரியும் தோலைக் கண்டு மதிப்பிடுவது எளிது. பாரத்தைத் தாங்குவதோ உள்ளே மறைந்திருக்கும் இழை. நூலால் வாழும் ஊரில் பிறந்தவர்கள் இதைப் பிறரினும் நன்கு உணர்தல் கூடும்.