வைத்தியத் துறவி அன்னா டெங்கல்

பிணி தீர்க்கும் கலைக்கு நான்கு உறுப்புக்கள் உண்டென்று வள்ளுவர் வகுத்துரைத்தார். பிணியுற்றவன், அதனைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பனவே அவை. இந்நான்கினுள் இறுதியாக எண்ணப்பட்டதைக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் பல நூற்றாண்டுகளாகத் தம் தொண்டாகவே கொண்டிருந்தனர். நோயாளியின் படுக்கையருகே விழித்திருத்தலும், புண்ணைக் கழுவுதலும், இறக்குந் தறுவாயிலுள்ளோர்க்கு நீர் வார்த்தலும் அவர்தம் அன்றாடக் கடமைகளாயின. ஆனால், வைத்தியர் என்னும் நிலை மட்டும் அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. அறிவின்மையோ ஆற்றலின்மையோ இதற்குக் காரணமன்று. திருச்சபையின் விதியே தடையாக நின்றது. அவ்விதி மாறுவதற்குக் காரணமாயிருந்தோருள் முதன்மையானவர், ஒஸ்திரிய நாட்டின் மலைக்கிராமமொன்றிற் பிறந்த அன்னா டெங்கல் அம்மையார்.

இத்தடையின் வேரை மத்திய காலத்திலே காணலாம். 12ஆம் நூற்றாண்டிற் கூடிய திருச்சபைச் சங்கங்கள், துறவிகள் பொருளாசையால் வைத்தியமும் சட்டமும் கற்று, மடத்தையும் மன்றாட்டையும் மறந்துவிடலாகாது என விதித்தன. அக்கால நிலையை நோக்குமிடத்து இது நியாயமான கட்டளையே எனலாம். எனினும், காரணம் மறைந்த பின்னும் கட்டளை நிலைத்தது. 1917ஆம் ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பும், குருமாரும் துறவியரும் உரோமாபுரியின் தனி அனுமதியின்றி வைத்தியமோ சத்திர சிகிச்சையோ செய்தலாகாது என்று கூறிற்று. கன்னியரைப் பொறுத்தவரை இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொண்டது. பிள்ளைப்பேறு பார்த்தல், கற்பு விரதம் பூண்டோர்க்கு ஒவ்வாத தொழில் என்று கருதப்பட்டது.

ஐரோப்பாவில் இத்தடையின் கொடுமை பெரிதாகப் புலப்படவில்லை. அங்கே நோயுற்ற பெண், ஆண் வைத்தியரிடம் செல்வதற்குத் தடையிருக்கவில்லை. ஆனால், பிரித்தானிய இந்தியாவின் வடமேற்குப் பகுதியில் நிலைமை முற்றிலும் வேறானது. அங்கே பர்தா முறைக்குட்பட்டு வாழ்ந்த பெண்கள், அயல் ஆடவர் கண்ணிற் படுவதில்லை. நோய் எத்துணைக் கொடிதாயினும் ஆண் வைத்தியர் அவர்களைத் தொட்டுப் பார்த்தல் இயலாது. பேறுகாலத்திலே ஊர் மருத்துவிச்சியின் கைத்திறனே அவர்களுக்கு இருந்த துணை. பேறு சிக்கலாயின் தாயும் சேயும் மடிவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. அப்பெண்களை நெருங்கக்கூடியவர் பெண் வைத்தியர் ஒருவரே. அத்தொண்டுக்கு வாழ்நாள் முழுவதையும் ஒப்படைக்கச் சித்தமாயிருந்த கன்னியரோ வைத்தியராகும் உரிமையற்றிருந்தனர். நாணத்தையும் கற்பையும் காக்கும் பொருட்டு இருபுறத்தும் இரு திரைகள் தொங்கின. இடையிலே உயிர்கள் மாண்டன.

இதனை உணர்ந்து முதலிற் குரலெழுப்பியோருள் ஒருவர் அக்னஸ் மக்ளாரன் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண்மணி. 1837ஆம் ஆண்டிற் பிறந்த இவர், எடின்பரோ நகரின் பாராளுமன்றப் பிரதிநிதியாக விளங்கிய டங்கன் மக்ளாரனின் புதல்வி. தாய்நாட்டிலே வைத்தியம் பயிலப் பெண்களுக்கு வாயில் அடைபட்டிருந்த காலத்தில், பிரான்சின் மொன்பெலியே பல்கலைக்கழகத்திற் பயின்று 1878இல் பட்டம் பெற்றார். அறுபது வயதளவிற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். எழுபதைக் கடந்த முதுமையிலும் கடல் கடந்து இராவல்பிண்டி நகருக்குச் சென்றார். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அர்ச். கத்தரீன் பெயரால் ஒரு வைத்தியசாலை நிறுவத் துணைநின்றார். கட்டடம் எழுந்தது, தாதியராகக் கன்னியரும் கிடைத்தனர், ஆனால், நிலைத்து நின்று பணிபுரியும் பெண் வைத்தியர் கிடைத்தல் அரிதாயிற்று. கன்னியரே வைத்தியராகலாமெனில் இக்குறை தீருமன்றோ? இதனை வேண்டி மக்ளாரன் அம்மையார் உரோமாபுரிக்குப் பலமுறை சென்று மன்றாடினார். விதி தளரவில்லை. அம்மையாரும் தளரவில்லை. வைத்தியம் பயின்று இந்தியாவிற்குச் செல்லத்தக்க இளம் பெண்களைத் தேடுவதிலே தம் இறுதி நாட்களைச் செலவிட்டார்.

அத்தேடலுக்கு விடையாக அமைந்தவரே அன்னா டெங்கல். 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் திகதி, ஒஸ்திரியாவின் திரோல் மாகாணத்திலே ஸ்ரேக் என்னும் சிற்றூரில் இவர் பிறந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். கல்வி முடிந்தபின் பிரான்சின் லியோன் நகரிலே ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியையாகச் சில காலம் பணியாற்றினார். மக்ளாரன் அம்மையார் பெண் வைத்தியரைத் தேடுகின்றார் என்னும் செய்தி இளம் அன்னாவின் காதுக்கு எட்டியது. தம் வாழ்வின் வழி இதுவே எனத் துணிந்து அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். முதியவரும் மறுமொழி எழுதினார். இந்தியாவிலே தொழில் புரிவதற்குப் பிரித்தானிய ஆட்சி ஏற்கும் பட்டம் வேண்டும். ஆகையால் அயர்லாந்திலே பயில்வது தகும் என்பது அவர் காட்டிய வழி. ஆனால், இருவரும் நேரிற் சந்திக்கும் பேறு வாய்க்கவில்லை. 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி மக்ளாரன் அம்மையார் காலமானார். கடிதத்தின் வழியே கைமாறிய பொறுப்பு மட்டும் எஞ்சியது.

அயர்லாந்தின் கோர்க் நகர்ப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே அன்னா வைத்தியம் பயின்ற காலத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. அவர் பிறந்த நாடும், அவர் பயின்ற நாட்டை ஆண்ட பிரித்தானியாவும் எதிரிகளாயின. பகை நாட்டுப் பெண் என்னும் பெயரோடும் அயல்மொழியிற் கற்கும் இடரோடும் படிப்பைத் தொடர்ந்து, 1919இல் பட்டம் பெற்றார். போர் ஓய்ந்த பின்னும் பகையின் நிழல் உடனே அகலவில்லை. இந்தியா செல்லும் அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில் இங்கிலாந்திலே வைத்தியப் பணி புரிந்தார். 1920ஆம் ஆண்டில், தமது இருபத்தெட்டாவது வயதில், இராவல்பிண்டி வந்து சேர்ந்தார். மக்ளாரன் அம்மையார் வித்திட்ட அதே வைத்தியசாலைதான் அவருடைய பணிக்களமாயிற்று.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் அங்கே உழைத்தார். வாயிலிலே நாள்தோறும் பெண்களும் குழந்தைகளும் நிறைந்தனர். திரைக்குப் பின்னே வாழ்ந்தோரின் இல்லங்களுக்கும் அவரே செல்ல வேண்டியிருந்தது. ஒருவர் கையாற் கடலை இறைக்க முடியுமோ? தாம் எத்துணை உழைப்பினும், தமக்குப் பின் அவ்விடத்தை நிரப்ப ஒருவருமில்லை என்பதை அன்னா கண்டார். துறவு வாழ்வின் மீதும் அவருக்கு நாட்டமிருந்தது. ஆனால், இருந்த துறவுச் சபை எதிலேனும் சேர்ந்தால் வைத்தியத்தைக் கைவிடல் வேண்டும். வைத்தியத்தைக் கைக்கொண்டால் துறவுச் சபையிற் சேர்தல் இயலாது. இரண்டிலொன்றைத் துறக்க அவர் மனம் ஒருப்படவில்லை. 1924ஆம் ஆண்டிலே நாடு திரும்பி, இன்ஸ்புருக் நகரிலே தியானத்தில் அமர்ந்தபோது, இரண்டையும் ஒன்றாக்கும் புதிய சபையொன்றைத் தாமே தோற்றுவிப்பதென்னும் துணிவு பிறந்தது.

இத்துணிவோடு அவர் அமெரிக்கா சென்றார். மறைபரப்பு நாடுகளின் நோயாளர் படும் துயரை ஊரூராக எடுத்துரைத்துப் பொருள் திரட்டினார். திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த மைக்கல் மதிஸ் அடிகளார் அவருக்குப் பெருந்துணையானார். பல்ரிமோர் அதிமேற்றிராணியாரின் அனுமதியுடன், 1925ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி, வாஷிங்டன் நகரிலே சபை தோன்றிற்று. அன்று கூடியோர் நால்வரே. அன்னா டெங்கலும் ஜோஹானா லயன்ஸ் என்பாரும் வைத்தியர். ஏனைய இருவரும் தாதியர். இச்சபையே பின்னாளில் வைத்திய மறைபரப்புச் சகோதரிகள் சபை எனப் பெயர்பெற்றது.

இங்கேதான் அம்மையாரின் விவேகம் விளங்குகின்றது. அவர் விதியை மீறவுமில்லை. விதி மாறும் வரை வாளாவிருக்கவுமில்லை. பகிரங்கமான துறவு விரதங்களை எடுத்தாற்றானே வைத்தியம் தடையாகும்? ஆகவே, அந்நால்வரும் அத்தகைய விரதமின்றி, வாக்குறுதி மாத்திரம் அளித்து ஒரே இல்லத்திற் கூடிவாழ்ந்தனர். வாழ்வாற் கன்னியர், சட்டத்தின் கண்ணிற் பொதுநிலையினர். துறவியர் என்னும் தகுதி அவர்களுக்கில்லை. இல்லறத்தார் என்னும் சுதந்திரமுமில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையிற் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருத்தல் எளிதன்று. ஆனால், அக்காத்திருப்பு வெறுங்காத்திருப்பாக இருக்கவில்லை. 1920களின் பிற்பகுதியிலேயே இராவல்பிண்டியில் அவர்களுடைய திருக்குடும்ப வைத்தியசாலை தொடங்கப்பட்டது. கன்னியர் வைத்தியரானால் துறவுக்கு இழுக்கு நேருமோ என்று ஐயுற்றோர்க்கு, அவர்களுடைய அன்றாட வாழ்வே மறுமொழியாயிற்று.

ஈற்றில் உரோமாபுரி செவிசாய்த்தது. பதினோராம் பத்திநாதர் பாப்பரசராக விளங்கிய காலத்தில், 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, விசுவாசப் பரப்புத் திருச்சங்கம் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. கொன்ஸ்தான்ஸ் அக் செதுலா என்னும் இலத்தீன் சொற்களோடு அது தொடங்குகின்றது. மறைபரப்பு நாடுகளிலே தாயரையும் சேய்களையும் காக்குமாறு கன்னியர் வைத்தியப் பட்டமும் தாதிமார் பயிற்சியும் பெறுதல் விரும்பத்தக்கது என்று அது எடுத்துரைத்தது. நூற்றாண்டுகளாகத் தகாதென்று விலக்கப்பட்டது, வேண்டற்பாலதென்று போற்றப்படும் நிலையை அடைந்தது. மறுவருடமே, இத்தகைய வாய்ப்புக்காக நெடுநாட் காத்திருந்த அயர்லாந்துப் பெண்மணியான மேரி மார்ட்டின், நைஜீரியாவிலே தமது வைத்தியக் கன்னியர் சபையைத் தொடக்கினார். திறந்த வாயிலின் வழியே பிறரும் நுழைந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

கன்னியாஸ்திரி ஒருவர் வைத்தியம் புரிதல் அதற்கு முன் நிகழ்ந்ததே இல்லை என்று கூறல் பொருந்தாது. மக்ளாரன் அம்மையாரைப் பற்றிய சிறு பிரசுரமொன்றை வாசித்து உள்ளம் உருகிய அவுஸ்திரேலியப் பெண் வைத்தியர் மேரி குளோரி, 1920ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டின் குண்டூருக்கு வந்து துறவு பூண்டார். பாப்பரசரின் தனி அனுமதியோடு அங்கே பல்லாண்டுகள் வைத்தியம் புரிந்து, 1957இல் மறைந்தார். அவர் தொண்டு அளவிடற்கரியது. ஆயினும், அவருக்குக் கிடைத்தது ஒருவர்க்குரிய விலக்கு. டெங்கல் அம்மையார் வேண்டியதும் பெற்றதும் எல்லார்க்கும் உரிய விதி. சலுகையாற் பெறும் நன்மை அதனைப் பெற்றவரோடு முடிந்துவிடும். விதியால் விளையும் நன்மையோ வழிவழியாகத் தொடரும்.

தடை நீங்கியபின் சபை விரைந்து வளர்ந்தது. இந்தியாவிலே பட்னாவிலும் புதுடில்லியிலும் திருக்குடும்ப வைத்தியசாலைகள் எழுந்தன. ஏனைய கண்டங்களுக்கும் பணி பரவிற்று. பட்னாவின் வைத்தியசாலைக்கு 1948ஆம் ஆண்டிலே ஒரு கன்னியாஸ்திரி வந்து சேர்ந்தார். கல்கத்தாவின் ஏழைகளிடையே தொண்டாற்றப் புறப்பட்ட அவருக்கு நோயாளரைப் பேணும் முறை தெரிந்திருக்கவில்லை. ஊசி ஏற்றவும், புண்ணுக்கு மருந்திடவும், பேறுகாலத்தில் உதவவும் அங்கிருந்த சகோதரிகளே அவருக்குக் கற்பித்தனர். ஏழைகளைப் போல் மிக எளிய உணவே உண்பேன் என்ற அவரை, நன்றாக உண்ணாதவர் நோயாளருக்கு உழைத்தல் இயலாது என்று அவர்கள் தடுத்தனர். அக்கன்னியாஸ்திரியே பின்னாளில் உலகம் போற்றிய அன்னை தெரேசா. அன்பு மாத்திரம் போதாது, அன்புக்கு அறிவும் பயிற்சியும் துணைநிற்றல் வேண்டும் என்னும் டெங்கல் அம்மையாரின் கொள்கை இவ்வாறு பிறர் பணியினும் சென்று பயன் தந்தது.

1967ஆம் ஆண்டு வரை சபையின் தலைமைப் பொறுப்பை வகித்த அன்னை, பின்னர் அதனைப் பிறர் கையில் ஒப்படைத்து ஒதுங்கினார். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, உரோமாபுரியிலே தமது எண்பத்தெட்டாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரை இப்பணிக்கு அழைத்த மக்ளாரன் அம்மையார் மறைந்ததும் ஓர் ஏப்ரல் 17ஆம் திகதியே. இருவருக்குமிடையே அறுபத்தேழு ஆண்டுகள். முன்னவர் கேட்டு மறுக்கப்பட்டதைப் பின்னவர் பெற்றுத் தந்தார்.

இராவல்பிண்டியின் திருக்குடும்ப வைத்தியசாலை இன்று அரச வைத்தியசாலையாகவும், அந்நகர் மருத்துவப் பல்கலைக்கழக மாணவர் பயிலும் இடமாகவும் விளங்குகின்றது. அதனைத் தொடங்கியோர் இப்போது அதனை நடத்தவில்லை. ஆயினும், ஒருகாலத்திற் பெண்ணொருத்தியைப் பரிசோதிக்க வைத்தியர் கிடையாதிருந்த அவ்வூரிலே, பெண்கள் தாமே வைத்தியம் பயின்று வெளியேறுகின்றனர். தொண்டு செய்தோர் விலகிய பின்னும் தொண்டு நடைபெறுமாயின், அதுவே அவர் அடைந்த வெற்றிக்குச் சான்று.