எது பெரும் படை?

தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றாலே இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள புல்வெளி நினைவுக்கு வரும். சிறுவர்களை அழைத்துக்கொண்டு அங்கே வெயில் காயச் செல்வது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு சென்ற ஒரு நாளில், 42 மீட்டர் உயரமுள்ள அவ்வளைவை அண்ணாந்து பார்த்தபடியே நம் வீட்டுச் சிறுவன், "அப்பா, உலகத்திலேயே எந்தப் படை பெரிய படை?" என்று கேட்டான்.

பள்ளியில் அதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்ததாம். ஒரு மாணவன் ரோமானியர் என்றானாம். மற்றொருவன் மங்கோலியர் என்றானாம். வேறொருவன் நெப்போலியனின் சேனை என்றானாம். நம் சிறுவன் சோழர் படை என்று சொல்லவே, மற்றவர்கள் நகைத்து, "மதராசிகள் கணக்கு எழுதுகிறவர்கள், போர் செய்கிறவர்கள் அல்லர்" என்று சொல்லிவிட்டார்களாம். விளையாட்டாகச் சொல்லப்பட்ட சொல்தான். எனினும் அச்சொல் அச்சிறுவர்கள் ஆக்கியது அன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. ஆகவே கேள்வியை முறையாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ரோமானியரை எடுத்துக்கொள்வோம். கி.மு. 216-இல் கன்னே என்னுமிடத்தில் ஹானிபால் அவர்களுடைய பெருஞ்சேனையைச் சூழ்ந்து அழித்தான். ஒரு போரைக் கொண்டு முடிவு செய்வதாயின் ரோமானியர் தோற்ற மக்களே. ஆயினும் கி.மு. 202-இல் ஜாமாவில் வென்றவர்கள் அவர்கள்தாம். தோல்விக்குப் பின்னும் புதிய படைகளைத் திரட்டவும், ஊட்டவும், பயிற்றவும் வல்ல ஓர் அரசு அவர்களுக்கு இருந்தது. ரோமானிய வீரன் வாளேந்துபவன் மட்டும் அல்லன். மண்வெட்டி ஏந்துபவனும் ஆவான். நடைப்பயணத்தின்போது மாலையில் தங்குமிடத்தில் அகழியும் அரணும் அமைத்த பின்னரே உறங்குவான். அவன் போட்ட சாலைகள் அவன் வென்ற போர்களைவிட நீண்ட காலம் நிலைத்தன.

அடுத்து மங்கோலியர். பத்து, நூறு, ஆயிரம், பதினாயிரம் என்ற எளிய கணக்கில் வகுக்கப்பட்டது அவர்கள் படை. ஒவ்வொரு வீரனிடமும் மாற்றுக் குதிரைகள் இருந்தன. சீனம் முதல் ஐரோப்பாவின் கிழக்கெல்லை வரை எதிர்ப்போரை வீழ்த்திய இச்சேனை 1258-இல் பாக்தாத் நகரையும் அழித்தது. வெற்றிகளை மட்டும் எண்ணினால் இவர்களுக்கே முதலிடம் என்போர் பலர்.

ஆனால் அம்மங்கோலியர் தில்லியைக் கைக்கொள்ள இயலவில்லை என்பதை இந்நகரில் வாழும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1303-இல் தார்கி என்பவன் தலைமையில் வந்த சேனை தில்லியை முற்றுகையிட்டது. சித்தூர்ப் படையெடுப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த சுல்தான் அலாவுதீன் கில்ஜி அரணுக்குள் நின்று தாங்கினான். முற்றுகையிட்டோர் இறுதியில் திரும்பிச் சென்றனர். அதன் பின் சுல்தான் செய்தது என்ன? சிரி என்னும் கோட்டையை எழுப்பினான். அதன் மதிற்சுவர் எச்சங்களை ஷாப்பூர் ஜாட் அருகில் இன்றும் காணலாம். ஆனால் கோட்டையைவிடப் பெரிய செயலைக் கடைத்தெருவில் செய்தான். குறைந்த ஊதியத்தில் பெரும் படையை நிலையாக வைத்திருக்க வேண்டுமானால் தானியத்தின் விலை ஏறக் கூடாது என்று கண்டு, கோதுமைக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை வரையறுத்தான். வீரர்களுக்குப் பணமாகவே ஊதியம் கொடுத்தான். இல்லாத குதிரைக்குக் கணக்கெழுதும் வழக்கத்தை ஒழிக்கக் குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இடச் செய்தான். 1305-இலும் 1306-இலும் வந்த மங்கோலியச் சேனைகள் முறியடிக்கப்பட்டன. குடியானவர்கள் அம்முறையால் துன்புற்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. எவ்வாறாயினும், உலகத்தை நடுங்க வைத்த சேனையைத் தில்லியில் தடுத்ததில் வீரர்களின் வாளுக்கு இருந்த பங்கு, தானியக் கிடங்கின் கணக்கேட்டுக்கும் இருந்தது. கணக்கு எழுதுகிறவர்களை நகைப்பதற்கு முன் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

நம் சிறுவன் சொன்ன சோழர் படைக்கு வருவோம். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது அனுப்பிய சேனை, கடாரம் முதலிய துறைமுகங்களைத் தாக்கியது. அவற்றின் பெயர்களைத் தஞ்சைக் கல்வெட்டில் படிக்கிறோம். பருவக் காற்றை அறிந்த மாலுமிகள், கடல்வழி தெரிந்த வணிகர்கள், கலம் கட்டும் தச்சர்கள், பல வாரங்களுக்கு வேண்டிய அரிசியும் நீரும்: இவை யாவும் ஒருங்கே கூடாமல் வங்கக் கடலைத் தாண்டி ஒரு படை செல்ல முடியாது. அரசன் பெயரைக் கல்லில் காண்கிறோம்; அரிசி அளந்தவன் பெயரை அங்கே காணோம்.

இம்மூன்று சேனைகளையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. பிறப்பும் இரத்தமும் மட்டுமே எந்தப் படையையும் பெரிதாக்கவில்லை. ஒழுங்கும், உணவும், பாதையும், தலைமையின் மீது வீரனுக்கும் வீரன் மீது தலைமைக்கும் இருந்த நம்பிக்கையுமே ஆக்கின. வள்ளுவரும் படைமாட்சி என்னும் அதிகாரத்தில் படைக்குக் காவலாக நான்கைச் சொல்லும்போது வீரம், மானம், முன்னோர் சென்ற நல்வழி ஆகியவற்றோடு தலைவனால் நம்பித் தெளியப்படுதலையும் சேர்த்தார். அந்த நான்காவதே நம் சரித்திரத்திற்குத் திறவுகோல்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த நெருக்கடியான ஆண்டில், ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதியின் கீழ்ச் சென்னைப் பகுதி வீரர்கள் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டனர். இன்றைய இந்தியப் படையில் மிகப் பழைய காலாட்படைப் பிரிவாகிய மெட்ராஸ் ரெஜிமெண்ட் அவ்வாண்டையே தன் பிறப்பாகக் கொண்டாடுகிறது. 1780-இல் பாலமும் பாதையும் அரணும் அமைக்கும் பயனியர் படை இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது. அதுவே சென்னைச் சாப்பர்கள் என்று புகழ்பெற்றது. தமிழரும் தெலுங்கரும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், சாதி பல உடையோரும் இச்சேனையில் இருந்தனர். 1803-இல் அசாயே போர்க்களத்தில், பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப்பட்ட ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் இவர்கள் போரிட்டனர். அதன் நினைவாகவே மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் யானை நிற்கிறது.

இவர்கள் அயலார் கம்பெனிக்காகப் போரிட்டவர்களே என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின், 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன், வேலூர்க் கோட்டையில் அதே சேனையைச் சேர்ந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தொப்பி போன்ற புதிய தலைப்பாகை, நெற்றிக்குறியை அழிக்கும் ஆணை, தாடி மீசை பற்றிய கட்டளை ஆகியவை அவர்களைப் புண்படுத்தியிருந்தன. ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை அடக்கிற்று. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர். ஆளுநர் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார். நம்பிக்கை முறிந்தால் எத்தகைய சேனையும் ஒரே இரவில் முறியும் என்பதற்கு வேலூர் சான்று.

1857-க்குப் பின் ஆங்கிலேயர் படைக்கு ஆள் சேர்க்கும் முறையை மாற்றத் தொடங்கினர். சென்னைச் சேனை அப்புரட்சியில் பெரும்பாலும் சேரவில்லை. எனினும் இழந்தது அதுவே. 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனையின் தளபதியாகவும், பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்று கருதினார். சில இனத்தாரே போர் செய்யப் பிறந்தவர் என்ற கொள்கை 'மார்ஷியல் ரேசஸ்' என்ற பெயரால் அரசாங்கக் கொள்கையாயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லுக்குத் தமிழ் தேடினால், 'மறக்குடி' என்ற பழஞ்சொல் முன்வந்து நிற்கும். ஆனால் அதைப் பயன்படுத்தக் கை கூசும். மறக்குடி என்பது ஒரு குடி தன்னைப் பற்றித் தானே கொண்ட பெருமை. மற்றதோ ஆளுவோன் பிறர் மீது ஒட்டிய சீட்டு. தென்னாட்டில் பல்லாண்டுகள் அமைதி நிலவியதால் அங்குள்ள பட்டாளங்களுக்குப் போர் வாய்க்கவில்லை. போர் வாய்க்காமையைப் போர்க்குணம் இல்லாமை என்று எழுதிக்கொண்டனர்.

விளைவு என்ன? சென்னைக் காலாட்பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. சிலவற்றில் பெயரும் எண்ணும் எஞ்ச, ஆட்கள் வடக்கேயிருந்து சேர்க்கப்பட்டனர். முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சிய நிரந்தரப் பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. சாப்பர்கள் மட்டும் தப்பினர். பாலம் கட்டத் தெரிந்தவனை நீக்கிவிட்டுச் சேனை நடத்த முடியாது அல்லவா? ஊரில் ஓர் இளைஞனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஊதியமும், முதுமையில் ஓய்வூதியமும், தெருவில் மதிப்பும் ஒரு கொள்கையால் போயின. எந்தப் படை பெரியது என்ற விவாதம் சிறுவர்களுக்கு விளையாட்டு. அதைக் கோப்பில் எழுதி முடிவு செய்தபோது அது பல குடும்பங்களின் சோற்றைத் தொட்டது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கொள்கை கலைந்தது, ஆட்கள் வேண்டியிருந்தனர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் திரட்டப்பட்டுப் பர்மாப் போர்முனை வரை சென்றது. 1944-இல் இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த சாப்பர் குழுவில் வெடியொன்று தூண்டப்பட்டுவிட, சுபேதார் சுப்பிரமணியன் அதன் மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அதே காலத்தில் எதிர்ப்புறத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். 1943-இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அந்த ராணுவத்தின் அதிகாரிகள் மீது 1945-இல் நம் தில்லிச் செங்கோட்டையில் விசாரணை நடந்தபோது நாடே கொதித்தது. ஒருவர் பிரிட்டிஷ் கொடியின் கீழ், மற்றவர் அதை எதிர்த்து: இரு சாராருமே போர்க்குணம் இல்லாதவர் என்ற பட்டியலில் இருந்தவர்கள்.

நேயர்களே, இந்தியா கேட்டிற்கு அருகில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் பரம்வீர் சக்கர விருது பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது. 1946-இல் பம்பாயில் பிறந்து அங்கேயே கற்ற தமிழர் அவர். நம்மைப் போலவே வெளி மாநிலத்தில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை. 1987 நவம்பரில் இலங்கையில் அமைதிப் படையில் பணியாற்றுகையில் உயிர்நீத்தார். தமிழர் மண்ணில் நிகழ்ந்த அப்போரின் துயரம் தனியே பேச வேண்டியது. இங்கே குறிக்க விரும்புவது அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவை: அது மகர் ரெஜிமெண்ட். மகர் மக்களையும் இதே கொள்கை 1892-இல் படையிலிருந்து ஒதுக்கியது. அவர்கள் பெயரிலான இப்பிரிவு 1941-இல்தான் எழுந்தது. ஒதுக்கப்பட்ட ஒரு மக்களின் பெயர் தாங்கிய பிரிவில், ஒதுக்கப்பட்ட மற்றொரு மக்களின் மகன் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றான்.

இன்னுமொன்று. குடியரசு நாள் அணிவகுப்பில் பஞ்சாப் ரெஜிமெண்ட் வரும் ஆண்டில் அதன் சின்னத்தை உற்றுப் பாருங்கள். கடலே இல்லாத பஞ்சாபின் பெயர் தாங்கிய பிரிவுக்குச் சின்னம் பாய்மரக் கப்பல்! காரணம் யாதெனில், அதன் பழைய பட்டாளங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைச் சேனையில் திரட்டப்பட்டவை. கடல் கடந்து பணியாற்றியதற்காக அக்கப்பல் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் ஆட்கள் மாறினர், பெயர் மாறிற்று. கப்பல் மட்டும் நின்றது. இன்று அதைத் தலைப்பாகையில் அணியும் பஞ்சாபி வீரர் அதன் பெருமையைக் காக்கின்றார். அதைத் தேடித் தந்தவர் தென்னாட்டுச் சிப்பாய்.

சிறுவனுக்கு இதைத்தான் சொன்னோம். எந்தப் படை பெரிது என்று கேட்டால் விடை இல்லை. எதைக் கொண்டு அளக்கிறாய் என்று கேட்டால் விடை உண்டு. உணவளித்து, ஊதியம் தந்து, பயிற்றுவித்து, நம்பினால் எக்குடி மக்களும் வீரராவர். நம்ப மறுத்தால் வீரரும் கணக்குப் புத்தகத்திலிருந்து அழிக்கப்படுவர். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "என் வகுப்புத் தோழன் குர்பிரீத்தின் தாத்தா பஞ்சாப் ரெஜிமெண்டில் இருந்தாராம். அந்தக் கப்பலைப் பற்றி நாளைக்கே அவனிடம் சொல்கிறேன்" என்றான். வாதத்தில் வெல்வதற்காக அன்று, பங்கிட்டுக்கொள்வதற்காகச் சொல் என்று கூறி அனுப்பினோம்.