ஆஸ்கர் பரிந்துரைகளும் வாக்கெண்ணும் முறையும்

1934இல் வெளிவந்த ‘ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்’ படத்தில் பெட்டி டேவிஸின் நடிப்பு அவ்வாண்டின் மிகச் சிறந்த நடிப்பு என்று ஹாலிவுட்டில் பலர் கருதினர். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வெளியானபோது அதில் அவர் பெயர் இல்லை. எழுந்த எதிர்ப்புக்கு, ஆஸ்கரை வழங்கும் அகாடமி பணிந்தது. பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதலாம் என்று விதியைத் தளர்த்தியது. ஆயினும் டேவிஸ் வெல்லவில்லை. ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்துக்காக கிளாடெட் கோல்பேர் விருது பெற்றார். அடுத்த ஆண்டு வாக்கெண்ணும் பொறுப்பு பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்திடம் சென்றது. ஆண்டுதோறும் பரிந்துரை வெளியாகும் நாளில் எழும் ‘புறக்கணிக்கப்பட்டார்’ என்ற குரலுக்கு இதுவே முன்னோடி. அந்தக் குரலுக்கு அன்று கிடைத்த விடை தேர்தல் விதியில் ஒரு மாற்றம் என்பதே இக்கட்டுரைக்குத் தொடக்கப்புள்ளி.

‘விடுபட்டார்’ என்பது ஒரு நிகழ்வைச் சொல்கிறது. ‘புறக்கணித்தனர்’ என்றால் எழுவாய் வேண்டும்: புறக்கணித்தவர் யார்? ஆஸ்கர் பற்றிய விவாதங்களில் அந்த எழுவாய் பெரும்பாலும் ‘அகாடமி’ என்று நிரப்பப்படுகிறது, ஒரே மனமும் ஒரே நோக்கமும் கொண்ட ஒருவரைப் போல. உண்மையில் பரிந்துரையும் விருதும் வெவ்வேறு வாக்காளர்கள் வெவ்வேறு எண்ணும் முறைகளில் தரும் முடிவுகள். ஒரு விடுபடலுக்குக் காரணம் தேடுபவர், அது எந்த வாயிலில் நிகழ்ந்தது, அங்கே வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காத விமரிசனம், எத்தனை நியாயமான கோபத்திலிருந்து பிறந்தாலும், தவறான கதவைத் தட்டுகிறது.

ஆஸ்கரில் கையாளப்படும் மூன்று எண்ணும் முறைகளும் தமிழ் வாசகருக்கு அந்நியமானவை அல்ல. நம் தேர்தல்களில் மூன்றுமே உண்டு. சட்டமன்றத் தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வெல்கிறார். பாதிக்கு மேல் தேவையில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் விருப்ப வரிசை எழுதுகின்றனர். முதல் விருப்பத்தில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் இருப்பவர்கள் நீக்கப்பட்டு அவர்களுடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 1969இல் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்ட பிறகே வென்றார். மாநிலங்களவைத் தேர்தலில் ஒற்றை மாற்று வாக்கு முறை. தமிழ்நாட்டில் ஆறு இடங்கள் காலியாகும்போது 234 உறுப்பினர்களும் வாக்களித்தால் ஓர் இடத்துக்கு 34 வாக்குகள் போதும். அந்த 34 பேர் உறுதியாக நின்றால், மற்ற 200 பேருக்கும் பிடிக்காத ஒருவர்கூட டெல்லிக்குப் போகலாம்.

ஆஸ்கரில் நடிப்புப் பரிந்துரைகளை முடிவு செய்வது இந்த மாநிலங்களவைக் கணக்குத்தான். நடிகர் பிரிவைச் சேர்ந்த உறுப்பினர்கள் மட்டும் ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதுகின்றனர். இடங்கள் ஐந்து. ஆகவே வாக்களித்தவர் எண்ணிக்கையை ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வருவதே தேவையான அளவு. 1,200 பேர் வாக்களித்ததாக வைத்துக்கொண்டால் 201 பேர் போதும். இங்கே வெல்வது பரவலான மதிப்பைவிட ஆழ்ந்த பற்று. ஆயிரம் பேரின் சீட்டில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இடம்பெறுபவர் தோற்கலாம். 201 பேரின் சீட்டில் முதலாவதாக இருப்பவர் உள்ளே நுழைந்துவிடுவார். பலராலும் இரண்டாவதாக எழுதப்படுபவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முதலிடத்தில் இருப்பவர் நீங்கினாலோ, தேவைக்கு மிஞ்சிய வாக்கோடு தேர்வானாலோதான் அந்த இரண்டாம் விருப்பத்துக்கு உயிர் வரும்.

2023இல் ஆண்ட்ரியா ரைஸ்பரோ ‘டு லெஸ்லி’ படத்துக்காகப் பரிந்துரை பெற்றதை இவ்வாறுதான் புரிந்துகொள்ள முடியும். திரையரங்கில் மிகச் சொற்பமாகவே வசூலித்த சிறு படம் அது. முன்னோட்ட விருதுகள் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை. வாக்குப்பதிவு நெருங்கிய நாட்களில் கேட் பிளான்செட் உட்பட நடிகர்கள் பலர் பொதுவில் அவரைப் போற்றினர். அதே ஆண்டு ‘தி வுமன் கிங்’ படத்தின் வயோலா டேவிஸும் ‘டில்’ படத்தின் டேனியல் டெட்வைலரும் விடுபட்டனர். கறுப்பினக் கலைஞர் இருவரின் இடத்தை வெள்ளையர் வட்டத்தின் நட்பு பறித்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அகாடமி விசாரித்தது, சமூக ஊடகங்களில் நடந்த சில பரப்புரை முறைகள் கவலைக்குரியவை என்று சொன்னது, பரிந்துரையை ரத்துசெய்யவில்லை. என் பார்வையில் அம்முடிவு சரியானது. சிறிய படம் ஒன்று பெரும் நிறுவனங்களின் விளம்பரச் செலவைத் தாண்டி மேலே வர ஒரே வழி இந்தக் கணக்குதான். அதே வழியில் நட்பு வட்டங்களும் வரும் என்பது உண்மை. அதற்கு வழியை அடைப்பது தீர்வாகாது. அந்த வழி தெரிந்தவர்கள், வட்டம் உடையவர்கள் யார் என்ற கேள்வியே முக்கியம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே சென்றன. ஏப்ரல் ரெயின் என்பவர் தொடங்கிய எதிர்ப்பு இயக்கம் உலகெங்கும் பரவியது. எண்ணும் முறையைக் காட்டி இந்த அநீதியை மறைத்துவிடலாமா? கூடாது. ஆனால் எண்ணும் முறையே இங்கு சான்றாக நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றை மாற்று வாக்கு என்பது சிறுபான்மையின் குரலைக் காப்பதற்கென்றே உருவானது. ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்த வாக்காளர்கள் ஒருவரை முதலாவதாக எழுதினால் எந்தப் பெரும்பான்மையாலும் அவரைத் தடுக்க முடியாது. அப்படிப்பட்ட முறையிலும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆறில் ஒரு பங்கு எங்குமே திரளவில்லை என்று பொருள். 2012இல் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ வெளியிட்ட ஆய்வு அகாடமி வாக்காளர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆண்கள் என்று காட்டியிருந்தது. கோளாறு வாக்குச்சீட்டை வைத்திருந்தவர்கள் யார் என்பதில் இருந்தது. 2016 ஜனவரியில் அகாடமி, பெண்கள், சிறுபான்மையினர் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக முடிவெடுத்தது. அவ்வாண்டு 683 பேருக்குப் புதிதாக அழைப்பு அனுப்பியது. அடுத்த விழாவில் நடிப்புப் பிரிவுகளில் ஆறு கறுப்பினக் கலைஞர்கள் பரிந்துரை பெற்றனர். ஒரே ஓர் ஆண்டை வைத்து முழு முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆனால் போராட்டம் சரியான கதவைத் தட்டியது, கதவும் திறந்தது.

இயக்குநர் பிரிவில் சிக்கல் வேறு. 2013 விழாவில் ‘ஆர்கோ’ சிறந்த படமாகத் தேர்வானது. அதை இயக்கிய பென் அஃப்லெக் இயக்குநர் பரிந்துரையில் இல்லை. அமெரிக்க இயக்குநர் சங்கமோ அதே ஆண்டு அவருக்கு விருது தந்தது. முரண்பாடாகத் தோன்றும் இதன் காரணம் எளிது. பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட சங்கத்தில் தொலைக்காட்சி இயக்குநர்களும் உதவி இயக்குநர்களும் உண்டு. அகாடமியின் இயக்குநர் பிரிவோ சில நூறு பேர்தான். அவர்களில் வெளிநாட்டவரும் கணிசமானோர். அவ்வாண்டு ஐரோப்பிய இயக்குநர் மிகாயேல் ஹானெகேவும் ‘லைஃப் ஆஃப் பை’ எடுத்த ஆங் லீயும் அவர்களிடம் இடம் பெற்றனர், லீ வென்றார். 2024இல் ‘பார்பி’ இயக்கிய கிரெட்டா கெர்விக் விடுபட்டபோது பெண் இயக்குநர் புறக்கணிப்பு என்று பேசப்பட்டது. ஆனால் அதே பட்டியலில் ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ எடுத்த ஜஸ்டின் ட்ரியே இருந்தார். ஐந்து இடங்களில் ஒன்றே ஒன்று பெண்ணுக்கு என்பது கண்டிக்க வேண்டிய எண். எனினும் கெர்விக்கைத் தள்ளியதில், ஹாலிவுட்டின் பெருவெற்றிப் படத்தைவிட ஐரோப்பியக் கலைப்படத்தை விரும்பும் சிறு குழுவின் ரசனைக்கே பெரும்பங்கு என்று கருதுகிறேன்.

இனி வெற்றி. இறுதிச் சுற்றில் எல்லாப் பிரிவினரும் எல்லாவற்றுக்கும் வாக்களிக்கின்றனர். பெரும்பாலான விருதுகளில் சட்டமன்றத் தொகுதிக் கணக்கு. சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவிலிருந்து குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கு. ‘தி டார்க் நைட்’ சிறந்த படப் பட்டியலில் விடுபட்டதால் எழுந்த மனக்குறைக்குப் பிறகு இடங்கள் ஐந்திலிருந்து பத்தாயின. பத்துப் படங்களுள் சிறு விழுக்காட்டோடு ஒன்று வென்றுவிடக் கூடாது என்பதால் விருப்ப வரிசை வந்தது. இதன் விளைவை 2022இல் பார்த்தோம். 12 பரிந்துரைகள் பெற்ற ‘தி பவர் ஆஃப் தி டாக்’ ஜேன் கேம்பியனுக்கு இயக்குநர் விருதை மட்டும் பெற்றுத் தந்தது. மூன்றே பரிந்துரைகள் பெற்ற ‘கோடா’ மூன்றையும் வென்று சிறந்த படமானது. மனத்தை உலுக்கும் படம், சிலருக்கு முதலாவதாகவும் சிலருக்குக் கடைசியாகவும் இருக்கும். எல்லோரும் இரண்டாவது, மூன்றாவது என்று எழுதும் இதமான படத்துக்கு விருப்ப வரிசை சாதகமானது. பரிந்துரையில் பற்றுக்குப் பரிசு, இறுதியில் இணக்கத்துக்குப் பரிசு. ஒரே விருதின் இரண்டு கட்டங்களும் எதிரெதிர்க் குணங்களைத் தேடுகின்றன.

வெல்லப்போவது யார் என்று கணிப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமும் 2010 முதல் சிறந்த படத்துக்கு இதே விருப்ப வரிசையைக் கையாள்கிறது. அதிலிருந்து 2025 வரையான 16 ஆண்டுகளில் சங்கத்தின் தேர்வும் ஆஸ்கரும் விலகியவை 2016, 2017, 2020 ஆகிய மூன்று ஆண்டுகள் மட்டுமே. ஒரே எண்ணும் முறை என்பது அந்த ஒற்றுமைக்கு ஒரு முக்கியக் காரணம். நடிகர் விருதில் முன்னதாக வந்த விருதுகள் தவறான வழியைக் காட்டவும் கூடும். மறைந்த சாட்விக் போஸ்மேன் கோல்டன் குளோபும் அமெரிக்க நடிகர் சங்க விருதும் பெற்றிருந்தார். அவர் வெல்வார் என்ற எண்ணத்தில் 2021 விழாவின் நிறைவு அறிவிப்பாகச் சிறந்த நடிகர் விருது வைக்கப்பட்டதாகவே பார்த்தவர்கள் கருதினர். வென்றவர் ‘தி ஃபாதர்’ படத்தின் ஆண்டனி ஹாப்கின்ஸ். அவர் அரங்கில் இல்லை.

இந்தியப் படங்களைப் பற்றிய நம் வருத்தத்தில் பெரும்பகுதி அகாடமியின் வாயிலுக்குப் போகும் முன்பே தொடங்கிவிடுகிறது. சர்வதேசப் படப் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரு படம். நமக்கு அதைத் தேர்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் சிறு நடுவர் குழு. 2013இல் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ இருக்க ‘தி குட் ரோடு’ அனுப்பப்பட்டது. கான் விழாவில் கிராண்ட் பிரீ வென்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்’ 2024இல் அனுப்பப்படவில்லை. ‘லாபதா லேடீஸ்’ சென்றது. 2022இல் ‘ஆர்ஆர்ஆர்’ அனுப்பப்படாதபோதும் இசைப் பிரிவின் வழியே ‘நாட்டு நாட்டு’ பாடல் விருது வரை சென்றது. ஒரு கதவு மூடினாலும் வேறு கதவு இருந்ததற்கு அது சான்று. நம் நடுவர் குழுவின் தேர்வுக்கு அகாடமியைக் குறை சொல்ல வழியில்லை.

2025 ஏப்ரலில் அகாடமி ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது: இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு வாக்களிப்பவர் அதில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். இன்னும் ஒரு படி வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு, வாக்களித்தவர் பெயரின்றி, எண்ணிக்கையை வெளியிட வேண்டும். அதைச் செய்யாதவரை புறக்கணிப்பு பற்றிய ஒவ்வொரு குற்றச்சாட்டும் ஒவ்வொரு மறுப்பும் ஊகமாகவே நிற்கும். முடிவின் விவரத்தை வெளியிடுவது அகாடமிக்குப் புதியதும் அல்ல. பெயரை எழுதி வாக்களிக்க அனுமதி இருந்த 1936 விழாவில், பட்டியலிலேயே இல்லாத பால் முனி ‘பிளாக் ஃபியூரி’ படத்துக்காக நடிகர் விருதில் இரண்டாம் இடம் பெற்றார் என்பது இன்றும் பதிவில் உள்ளது. 2021இல் ஹாப்கின்ஸுக்கும் போஸ்மேனுக்கும் இடையே எத்தனை வாக்குகள் என்பது எந்தப் பொதுப் பதிவிலும் இல்லை.