விண்வெளிப் போரில் அதிர்ஷ்டத்துக்கு எங்கே இடம்?

1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில், பிடிபி-1 கணினியின் திரையில் இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்!’ ஆட்டம் அது. விண்வெளி ஆட்டத்தில் மூளைக்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

முதலில் திரையில் நட்சத்திரங்கள் கண்டபடி சிதறிக் கிடந்தன. பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. உண்மையான விண்மீன் வரைபடத்தையே கணினியில் ஏற்றினார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஈர்ப்புவிசை கொண்ட ஒரு சூரியனை வைத்தார். அதன் பிறகு, சூரியனைச் சுற்றி வளைந்து வரக் கணக்குப் போடத் தெரிந்தவரின் கை ஓங்கியது.

அடுத்தது டார்பிடோ. நிஜ ஆயுதம் போல அதுவும் கொஞ்சம் பிசகட்டும் என்று ரஸ்ஸல் எழுதிப் பார்த்தார். ஆடியவர்கள் ஏற்கவில்லை. சரியாகக் குறிவைத்தும் குண்டு விலகிப் போனால், கற்ற திறமைக்கு என்ன மதிப்பு? பிசகு நீக்கப்பட்டது.

ஆனால் ‘ஹைபர்ஸ்பேஸ்’ தங்கிவிட்டது. தப்ப வழியில்லாத கப்பல் அதை அழுத்தினால் மறைந்து, எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டும். அது சூரியனுக்குப் பக்கத்திலும் இருக்கலாம். திரும்பும்போதே கப்பல் வெடித்தும் போகலாம். இதுவும் அதிர்ஷ்டம்தான் என்றாலும் யாரும் முறையிடவில்லை. அழுத்துவதா வேண்டாமா என்ற முடிவு ஆடுபவர் கையில் இருந்தது.

பின்னால் வந்த நல்ல வியூக ஆட்டங்கள் பலவும் இந்தப் பாதையில்தான் நடந்தன. 1977-இல் ஈயான் நிறுவனம் வெளியிட்ட ‘காஸ்மிக் என்கவுண்டர்’ பலகை ஆட்டத்தில் பகடையே கிடையாது. தாயம் விழக் காத்திருப்பது போன்ற தவிப்பு அதில் இல்லை. யாரைத் தாக்குவது என்பதைக் குலுக்கல் சொல்லும். யாரைத் துணைக்கு அழைப்பது, எந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பது என்பதெல்லாம் ஆடுபவர் பாடு.

1993-இல் ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் குழு ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ கணினி ஆட்டத்தில் இன்னொரு படி ஏறியது. ஒவ்வொரு முறையும் விண்மீன் மண்டலம் புதிது. ஆறு துறைகளிலும் ஆராயக் கிடைக்கும் தொழில்நுட்பங்களில் சில வராமலே போகும். அவற்றைப் பேரம் பேசி வாங்க வேண்டும், அல்லது ஒற்றர் வைத்துத் திருட வேண்டும். மனப்பாடம் செய்த திட்டம் எடுபடாது. அதிர்ஷ்டம் இங்கே திறமையைக் கெடுக்கவில்லை, சோதித்தது.

2012-இல் ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரும் உருவாக்கிய ‘எஃப்.டி.எல்.’ இந்தச் சோதனையைக் கடுமையாக்கியது. போகும் இடமெல்லாம் எதிர்பாராத சம்பவங்கள். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ ஆள் அனுப்பினால் அந்த ஆளையே இழக்க நேரலாம். ஆனால் தகுந்த கருவியோ ஆளோ கப்பலில் இருந்தால், நீல எழுத்தில் கூடுதல் வழி ஒன்று தெரியும். பெரும்பாலும் அது நல்ல வழி. கப்பல் அழிந்தால் ஆட்டம் முதலிலிருந்துதான்.

தீர்ப்பு தெளிவானது. முடிவெடுக்கும் முன் வரும் அதிர்ஷ்டம் ஆடுபவரை யோசிக்க வைக்கிறது; முடிவெடுத்த பின் கேட்காமல் வந்து விழுவது எரிச்சலூட்டுகிறது. புதிதாக ஒரு விண்வெளி ஆட்டம் வாங்குபவர்கள், பெட்டிக்குள் பகடை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது எப்போது உருட்டப்படுகிறது என்பதையும் விசாரித்து வாங்குங்கள்.